சூளையில் வெந்த தீர்ப்பு

விருத்தாசலத்தில், பீங்கான் சூளைக்குள் போய்வந்த எழுத்தைத் திருத்த முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாணவர் விவாத வளர்ச்சிக் கழகத்துக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு, எழுத்துக்குத் தகுந்தபடி ஊரைத் திருத்திவிடலாம் என்று கழகம் முடிவு செய்தது.

இந்த வம்பில் மாயவன் மாட்டியதற்குக் காரணம், அவரிடம் ஒரு விசிலும் ஒரு ஸ்டாப்வாட்சும் இருந்ததுதான். ஊருக்குள் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் அவர் பகுதிநேர விளையாட்டு ஆசிரியர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோவும் பையன்களுக்குக் கபடியும் சொல்லிக்கொடுத்தே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. நிரந்தரம் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்து மீசை நரைத்தது. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் வாத்தியார் என்பார். எந்தப் பாடம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பந்திக்குப் போய்விடுவார்.

கழகத் தலைவர் குருமூர்த்தி ஏதோ ஒரு துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று அவரும் சொன்னதில்லை, அந்தத் துறையும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு, ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் முறைப்படி விவாதிப்பதில்லை என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினார். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் அதன்படி நடக்க வேண்டும் என்று எங்கோ போய் ஒரு சுற்றறிக்கையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்கிற தைரியம் ஒரு தலைமையாசிரியருக்கும் இல்லை. சுற்றறிக்கையில் முத்திரை இருந்தது, அது போதும்.

கையேட்டின்படி ஆதரவு அணியில் மூவர், எதிர்ப்பு அணியில் மூவர். ஆளுக்கு நான்கு நிமிடம். பேசுகிறவரை மறித்துக் கேள்வி கேட்க நினைப்பவர் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். நடுவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இரக்கம் வந்துவிடும். மேசைமேல் வைத்திருக்கும் அணிப் பலகையை மட்டும் பார்க்க வேண்டும். நேரக் காப்பாளருக்கு ஒரே ஒரு விதிதான்: அவருக்குக் கருத்து இருக்கக் கூடாது. விசில் வைத்திருக்கிற ஆள் என்பதால் அந்தப் பதவி மாயவனுக்குக் கிடைத்தது. தனக்குக் கருத்து இல்லை என்று மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தலைப்புகளைப் பிள்ளைகளிடமே கேட்பது என்று ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டியில் விழுந்த சீட்டுகளில் பாதி, கழிப்பறையில் தண்ணீர் வரவேண்டும் என்றன. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற பிள்ளைகள், காலையில் வரும் பஸ் ஸ்டாப்பிங்கில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் குருமூர்த்தி அந்தச் சீட்டுகளை மேசையில் கொட்டி, வருத்தத்தோடு பேசினார்.

"தண்ணீர் வேண்டாம் என்று பேச எவன் வருவான்? எதிர்க்க ஆளில்லாத விஷயம் தலைப்பே அல்ல. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற எதையும் நாம் விவாதத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அதில் அவர்களுக்கு ஒரு கருத்து இருந்து தொலைக்கும். கருத்து உள்ளவனுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேச வராது."

கூட்டம் கைதட்டியது. சீட்டுகள் பெட்டியோடு பழைய பேப்பருக்குப் போயின.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எந்தத் தீர்மானம் வெல்கிறதோ, அது அடுத்த திங்கட்கிழமை முதல் பள்ளிகளில் அமலுக்கு வரும். இதற்குச் செயல்முறை ஜனநாயகம் என்று கையேட்டில் பெயர். வெறுமனே பேசிக் கலைந்தால் அது டீக்கடை, அமல்படுத்தினால்தான் விவாதம் என்பது குருமூர்த்தியின் கொள்கை.

பரிசாக உள்ளூர்ப் பீங்கான் தட்டு தருவது என்று முடிவானது. மாயவனின் மனைவி அம்சவல்லி ஒரு பீங்கான் பட்டறையில் தட்டுக்கும் ஜாடிக்கும் எழுத்து எழுதுகிறவள். குருமூர்த்தி நேரில் போய் விசாரித்தார். தட்டு காயவேண்டும், ஒரு முறை சுடவேண்டும், எழுதவேண்டும், மெருகு பூசி மறுபடி சுடவேண்டும். இருபது நாள் முன்னாடியே சொன்னால்தான் ஆகும் என்றாள் அம்சவல்லி. ஜெயித்தவர் பேரை விட்டுவிட்டுச் சுட்டு, பிறகு பெயின்டில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் கழுவினால் போய்விடும் என்றும் சொன்னாள். கழகத்தின் பரிசு கழுவினால் போகக் கூடாது என்று குருமூர்த்தி உறுதியாக இருந்தார். கொஞ்ச நேரம் யோசித்து, ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு வகைத் தட்டில் 'வெற்றி பெற்ற ஆதரவு அணி' என்றும், இன்னொரு வகைத் தட்டில் 'முயன்று தோற்ற எதிர்ப்பு அணி' என்றும் எழுத வேண்டியது.

மாற்றி நடந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அம்சவல்லி கேட்டாள். எதிர்ப்பு என்ற சொல்லோடு வெற்றி என்று எழுதினால் தட்டு அபசகுனமாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

தட்டுகள் சூளையிலிருந்து நன்றாகவே வந்தன. அதற்கு அடுத்த நாள் நடுவர்களுக்கு ஒரு கடிதம் போயிற்று: தட்டுகளுக்கு முரண்படாத வகையில் மதிப்பெண் இடவும்.

முதல் சுற்றில், வட்டாரத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அணி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் வந்து சேரவில்லை. ஆனால் எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்று குலுக்கிய சீட்டில் அவர்களுக்கு ஆதரவு விழுந்திருந்தது. மூன்று காலி நாற்காலிகளுக்கு முன்னால் வேப்பூர் அணி தொண்டை கிழியப் பேசிவிட்டுத் தோற்றது. குறுக்கிடாமை, நிதானம், நேரம் தவறாமை ஆகியவற்றில் காலி நாற்காலிகளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மாயவன் அந்த நாற்காலிகளுக்கும் நான்கு நான்கு நிமிடம் அளந்து மணி அடித்தார். அடுத்த சுற்றுக்கு மங்களூர்ப் பிள்ளைகள் நேரிலேயே வந்தார்கள். எதிர்ப்பு விழுந்தது. அருமையாகப் பேசித் தோற்றார்கள்.

அரையிறுதி முடிவதற்குள் இரண்டு தீர்மானங்கள் அமலுக்கு வந்துவிட்டன. மழைக்காக விடும் விடுமுறையை மழை இல்லாத மாதத்துக்கு மாற்றியாயிற்று. காலை வழிபாட்டில் உயரமானவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்றாயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பின் முதுகைப் பார்த்துத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள்.

மாயவனுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இறுதிப் போட்டியின் தலைப்பு வந்த அன்றைக்கு வேடிக்கை போய்விட்டது.

'விளையாட்டு வகுப்பை நீக்கிவிட்டு, அந்நேரத்தில் விவாத வகுப்பு நடத்தலாம்.'

தலைமையாசிரியர் ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. கடிதத்தைத் தானே படித்துக் காட்டாமல் மாயவன் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிரியடே இல்லன்னா ஒங்களுக்கு இங்க என்னா வேலைன்னு மேல கேப்பாங்க, மாயவன். நான் என்னான்னு எழுதறது, சொல்லுங்க."

மாயவன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். நாற்பத்தாறு வயதில் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு எந்த வேலைக்குப் போவது என்பது ஒரு பக்கம். அந்தப் பெண்பிள்ளைகளை மைதானத்தைவிட்டு ஏற்றிவிட்டால் மறுபடி இறக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டில் போய் நின்று, கெஞ்சி, அப்பா அம்மாவிடம் சம்மதம் வாங்கி ஓடவிட்டவர் அவர்.

வீட்டுக்கு வந்து அம்சவல்லியிடம் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆதரவுதான் ஜெயிக்கும். என் கையாலதான எழுதனேன்."

"தட்டு ஒடஞ்சி போயிட்டா?"

"அத்தனையும் ஒடையணும். ஒடஞ்சா என் வேலையும் போவும். அப்புறம் ரெண்டு பேரும் வூட்ல ஒக்காந்து விவாதம் பண்ணிக்கிட்டு இருக்கலாம்."

இறுதிக்கு வந்த இரண்டு அணியும் மாயவனின் பள்ளியே. ஆதிநாராயணனின் கை ராசி அப்படி. சீட்டு எடுத்தபோதெல்லாம் ஆதரவாகவே வந்தது. இறுதியில் ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்கு ஆதரவு, பி பிரிவுக்கு எதிர்ப்பு. இரண்டு அணியிலும் இருந்த ஆறு பெண்களும் மாயவனின் கோ-கோ பிள்ளைகள். ஆதரவு அணித் தலைவி மதிவதனி, பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். விளையாட்டு வேண்டாம் என்று பேச வேண்டியது அவள். எதிர்ப்பு அணிக்கு வேல்விழி. அவள் துரத்துவதில் கெட்டிக்காரி, வாய் அதைவிட.

போட்டியன்று பள்ளிக்கூடத்து ஹாலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேடையில் தட்டுகள் அடுக்கியிருந்தன. யார் வேண்டுமானாலும் கிட்டப் போய் முடிவைப் படித்துக்கொள்ளலாம். பெற்றோர் சிலர் படித்துவிட்டு, பாதியிலேயே வேலைக்குக் கிளம்பினார்கள்.

மதிவதனி முதலில் பேசினாள். விளையாடினால் வியர்க்கிறது, வியர்த்தால் சீருடை நாறுகிறது, நாறினால் அறிவு மழுங்குகிறது என்று தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். முடித்ததும் மாயவனைப் பார்த்து, வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள்.

வேல்விழி எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னாள். மூன்றாவது மறந்துவிட்டது. பிறகு வீட்டில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"வூட்ல ஒக்காந்து படிங்கறாங்க. கிளாஸ்ல கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்கறாங்க. தெருவுல ஓடுனா, பொம்பளப் புள்ள எதுக்கு ஓடுதுன்னு கேக்கறாங்க. எங்கள ஓடுன்னு சொல்றது ஒருத்தர்தாங்க. அதுவும் வாரத்துக்கு ரெண்டு பிரியடு. அதயும் எடுத்துட்டு ஒக்காந்து பேசுன்னா, நாங்க எதப் பத்திங்க பேசறது?"

மதிவதனி விதிப்படி தலையில் கைவைத்து எழுந்தாள். பார்த்தால் ஏதோ துக்கச் சேதி வந்தவள் போல இருந்தது. கேள்வி என்ன என்று கேட்டதற்கு, மறந்துபோச்சுங்க என்று சொல்லி உட்கார்ந்தாள். நடுவர்கள் மூவரும் பலகைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயவனுக்குக் கண் கலங்கியது. நான்கு நிமிடம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளையின் பேச்சை அவரே மணியடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்குக் கருத்து இல்லை, ஆனாலும் மணியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தார்.

தலைவிகள் இருவரும் பேசியதோடு முதல் பாதி முடிந்தது. ஸ்டாப்வாட்சைப் பார்த்தவருக்குக் கண்ணீரில் எண் தெரியவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துவிட்டது. பாதி முடிந்தால் என்ன செய்வாரோ, பன்னிரண்டு வருடமாக என்ன செய்தாரோ, கை அதைச் செய்தது. விசிலை எடுத்து நீளமாக ஊதி, இரண்டு கையையும் குறுக்கே வீசி, உரக்கச் சொன்னார்.

"சைடு மாறு."

ஆறு பெண்களும் யோசிக்கவே இல்லை. அவர்கள் கால் எப்போதோ பழகிவிட்டிருந்தது. எழுந்து, குறுக்கே ஓடி, இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். வேல்விழியின் அணிக்கு முன்னால் இப்போது ஆதரவு என்ற பலகை இருந்தது.

தான் என்ன செய்துவிட்டோம் என்று மாயவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குருமூர்த்தி கையேட்டைப் புரட்டினார். முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். அணிகள் இடம் மாறலாம் என்றும் அதில் இல்லை, மாறக் கூடாது என்றும் இல்லை. விதி இல்லை என்று சொன்னால், எழுதாமல் விட்டவர் யார் என்ற கேள்வி வரும். அவர் கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாற்பத்தோராம் விதியின் உட்பொருள் இதுதான். இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. தொடரலாம்."

பிள்ளைகள் தொடர்ந்தார்கள். அவரவர் பேசிக்கொண்டிருந்ததையே பேசினார்கள். ஆதரவுப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வேல்விழியின் அணி, விளையாட்டு வகுப்பை எடுக்கவே கூடாது என்றது. நடுவர்கள் பலகையைப் பார்த்தார்கள், தட்டுகளைப் பார்த்தார்கள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஆதரவு அணி ஏகமனதாக வென்றது. வேல்விழி வெற்றித் தட்டை வாங்கிக்கொண்டாள். 'முயன்று தோற்ற' தட்டை வாங்கிய மதிவதனியைப் போல் சந்தோஷமாகத் தோற்றவரை அந்த ஊர் பார்த்ததில்லை.

ஆதிநாராயணன் மெல்ல எழுந்து, அப்படியானால் விளையாட்டு வகுப்பு இருக்கும்தானே என்று கேட்டார்.

"எப்படி இருக்கும்?" என்றார் குருமூர்த்தி. "ஆதரவு அணி வென்றிருக்கிறது. எனவே தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் வென்றவர்கள் சொன்ன வாதங்களையும் நாம் மதித்தாக வேண்டும். அவர்கள் தீர்மானத்தை எதிர்த்து அல்லவா வென்றிருக்கிறார்கள்? ஜனநாயகம் என்பது இரண்டையும் அமல்படுத்துவது."

ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானம் எழுதினார்கள். வெளியே வராந்தாவில், ஸ்டாப்வாட்சை அமுக்குவதும் நிறுத்துவதுமாக மாயவன் உட்கார்ந்திருந்தார். வந்த தீர்மானம் இது: விளையாட்டு வகுப்பு நீக்கப்படுகிறது. அந்நேரத்தில் விவாத வகுப்பு நடைபெறும். வென்ற அணியின் வாதங்களை ஏற்று, மேற்படி விவாத வகுப்பு திறந்தவெளியில், செருப்பின்றி, மாணவர்களுக்கு வியர்க்கும் வரை நடத்தப்பட வேண்டும். விவாத ஆசிரியர் என்று பள்ளியில் பதவி இல்லாததால், கருத்து இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பவரான மாயவன் அப்பொறுப்பை வகிப்பார்.

வேலை போகவில்லை. மாயவன் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, இனிமேல் பாடம் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதுவும் நல்ல பதிலாகப் படவில்லை.

முதல் வாரம் அவர் நேர்மையாகத்தான் ஆரம்பித்தார். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி, கையேட்டின் முதல் பக்கத்தைப் படித்தார். வெயில் ஏறியது. பிள்ளைகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்கள். மூன்றாவது பக்கத்தில் அவருக்கே கொட்டாவி வந்தது. வியர்க்கும் வரை என்று தீர்மானத்தில் இருக்கிறதே, நின்றுகொண்டு பேசினால் எப்போது வியர்ப்பது என்று வேல்விழி கேட்டாள். அதற்கு மேல் கையேட்டைத் திறக்கவில்லை. இரண்டு முனையிலும் நட்டிருந்த கோ-கோ கம்பம் அப்படியேதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் குருமூர்த்தி ஆய்வுக்கு வந்துவிட்டார். ஆதிநாராயணன் முகம் வெளுத்துப்போய்ப் பின்னால் வந்தார். மைதானத்தில் கோ-கோ நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து. மூன்று பேர் வளைந்து வளைந்து ஓட, வேல்விழி துரத்திக்கொண்டிருந்தாள். மாயவன் வாயில் இருந்த விசில் நழுவி நெஞ்சில் தொங்கியது. இத்தனை நாள் தப்பித்தது போதும், இன்றைக்குப் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தார்.

ஒரு நாற்காலி வந்தது. குருமூர்த்தி உட்கார்ந்து, நெடுநேரம் பார்த்தார்.

"இவர்கள் ஏன் ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்?"

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற வேல்விழிதான் சொன்னாள்.

"ஒருத்தர் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்புங்க ஐயா. மூஞ்சியப் பாத்தா எரக்கம் வந்துரும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க."

குருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. தன் கையேட்டை இவ்வளவு ஆழமாக ஒருவரும் படித்ததில்லை என்று ஆதிநாராயணனிடம் சொன்னார்.

"சரி. முதுகில் தட்டி ஒரு சொல் சொல்கிறீர்களே?"

"அடுத்து நீ பேசுன்னு வாய்ப்பு குடுக்கறதுங்க."

"ஓடுகிறவர்கள்?"

"பதில் இல்லாதவங்க ஓடறாங்க ஐயா. கேள்வி வச்சிருக்கறவங்க தொரத்தறாங்க."

குருமூர்த்தி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்நாளில் பார்த்த விவாதங்களிலேயே இதுதான் ஆகச் சிறந்தது என்றும், முப்பது நிமிடத்தில் தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லை என்றும், ஒருவர் பேச்சை இன்னொருவர் மறிக்கவே இல்லை என்றும் எழுதினார். வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளும் வாரத்துக்கு நான்கு வகுப்பு இந்த வடிவத்தையே பின்பற்ற வேண்டும் என்று பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டார்.

ஸ்டாப்வாட்சில் பாதி முடிந்திருந்தது. மாயவன் விசிலை எடுத்து ஊதினார். கையைக் குறுக்கே வீசினார். ஓடினவர்கள் வந்து குந்தினார்கள், குந்தியிருந்தவர்களில் மூவர் ஓட எழுந்தார்கள்.

என்ன நடக்கிறது என்று குருமூர்த்தி கேட்டார்.

"சைடு மாத்தறதுங்க ஐயா" என்றார் மாயவன். "நாப்பத்தோராம் விதி."

குருமூர்த்தி உடனே எழுந்தார். யார் உதவிக்கு வந்தும் விடாமல், தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, வெயிலில் மைதானத்தைக் குறுக்கே கடந்து, எதிர்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.